பிஸ்தாவின் வயிற்றுச் சத்தம்

ஆடி 9, வெள்ளி

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட நிவியின் யூனிஃபார்ம் சட்டை பக்கத்து வீட்டுத் தென்னையில். எடுத்துத் தர ஆள் இல்லை.

பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. செக்கிங் டேபிளில் இரண்டு பேர் லீவு. நானே உட்கார்ந்து பீஸ் பார்த்தேன். கண் எரிகிறது.

மாலையில் நிவிக்குக் கேள்வி கேட்கும் வேலை. குதிரையேற்ற வகுப்பில் முதல் நிலைத் தேர்வாம். ஏறி ஓட்டினால் மட்டும் போதாதாம், குதிரையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம். பதின்மூன்று வயதில் அல்ஜீப்ரா ஏறவில்லை, இது மட்டும் மடமடவென்று வருகிறது.

இன்று அவள் ஒப்பித்ததில் எனக்கு மண்டையில் நின்றவை:

– நேர் பின்னால் நிற்பவரைக் குதிரைக்குத் தெரியாது. நெற்றிக்கு நேர் எதிரேயும் தெரியாது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும்.

– காது பின்னால் படிந்தால் கோபம்.

– நின்றுகொண்டே தூங்கும். (தூங்குகிறதா, முறைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லவில்லை.)

– உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள். எங்கள் குதிரை பிஸ்தா பதினான்கு கை. "யாரு கையி?" என்றேன். "அய்யோ அம்மா, அது ஒரு அளவுங்க."

– குளம்புக்கு அடியில் ஃப்ராக். குதிரைக்கு எதற்குக் கவுன் என்று கேட்டுவிட்டேன். "தவளைங்கம்மா! முக்கோணமா மெத்துன்னு இருக்கும், அதுக்குப் பேரு ஃப்ராக்கு." விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தைகள் ஃப்ராக்கை மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்கிறவளிடம் வந்து சொன்னால் வேறென்ன தோன்றும்?

– குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. சாப்பிட்டது மேலே திரும்பாது.

இந்த மிருகத்துக்கு உடம்பில் எதுவுமே பத்திரமாக இல்லை போலிருக்கிறது. அதன் மேல் என் பெண். போன மாதம் மணலில் விழுந்து முழங்கை தேய்ந்து வந்தாள். அன்றிலிருந்து வகுப்பு நாளென்றால் டெட்டாலும் பஞ்சும் என் பையில்.

ஆடி 10, சனி

தூறல். கட்டுத்தறிக் கொட்டகையில் ஓடு பெயர்ந்து, பிஸ்தாவுக்குப் போட வைத்திருந்த வைக்கோல் முழுக்க நனைந்துவிட்டது.

இவர் யூனிட்டிலிருந்து ஆட்டோ நிறைய கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து இறக்கினார். பனியன் துணியின் ஓரத் துண்டுகள், மஞ்சள், நேவி, வெள்ளை. தரை முழுக்க அள்ளி விரித்தார்.

"பாரு சுமதி, பஞ்சு மெத்தை. எந்த ராஜா ஊட்டுக் குதிரைக்கு இது கெடைக்கும்?"

நிவி மட்டும் இழுத்தாள். "வைக்கோல், மரத்தூள், நெல் உமி, இது மூணும்தானுங்க குதிரை மாஸ்டர் சொன்னாருங்கப்பா."

"அந்த மாஸ்டர் ஊர்ல பனியன் கம்பெனி இல்ல கண்ணு."

எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டியதுதான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்ணவண்ணத் துணிக்கு நடுவில் பழுப்புக் குதிரை.

சித்திரையில் இரண்டாவது கார் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனிதர் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும். நிவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி 11, ஞாயிறு

வகுப்புக்குச் சாமளாபுரம். பிஸ்தா டெம்போவில், நாங்கள் பின்னால் காரில். ஞாயிறென்று பார்க்காமல் விசைத்தறிச் சத்தம் ரோடு வரைக்கும்.

சேணத்தின் வாரை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறுக்காவிட்டால் சேணம் சரிந்து, ஆள் தரையில். நிவி இறுக்கினாளா? இறுக்கினாள். மறுபடி இறுக்கினாளா? நான் வேலிக்கு வெளியே இருந்து கத்தினேன். தலை குனிந்து, கேட்காத மாதிரி இருந்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மாஸ்டர் வந்து, "நீங்க பயந்தீங்கன்னா குதிரைக்குத் தெரிஞ்சுருமுங்க. கொஞ்சம் கார்லயே உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கோபம்தான் வந்தது. பயப்படாதே என்று சொன்னதும் நின்றுவிட பயமென்ன ஸ்விட்ச் போட்ட ஃபேனா?

வீடு வந்தபின் கட்டுத்தறிப் பக்கம் போனேன். பிஸ்தாவின் வாயோரத்தில் மஞ்சள் துணி ஒன்று நூடுல்ஸ் மாதிரி தொங்கியது. மென்றுகொண்டிருந்தது. பிடித்து இழுக்கப் பயம். அந்தப் பல்லைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். இவரிடம் சொன்னேன்.

"நாக்குல ஒட்டியிருக்கும், துப்பிரும்" என்றார். போனைப் பார்த்துக்கொண்டே.

நாளைக்கு வாங்க: கொத்தமல்லி, நிவிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், ஓடு போட ஆள்.

ஆடி 13, செவ்வாய்

பல் தேய்க்கப் போன நிவி கட்டுத்தறியிலிருந்து கத்தினாள்.

பிஸ்தா தீனித் தட்டில் வாய் வைக்கவில்லை. முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. உதடு மேலே சுருண்டு, கழுத்தெல்லாம் வேர்வை. ராத்திரி போட்ட லத்தியே இல்லை, தரை சுத்தம். அதைச் சொல்லும்போதுதான் நிவி அழ ஆரம்பித்தாள்.

"வயித்து வலிங்கம்மா. கோலிக்குன்னு சொல்வாங்க. குதிரைக்கு இது வந்தா செத்துக்கூடப் போயிருமுங்க."

இவர் ஓடிப்போய் நல்லெண்ணெய்ச் சொம்பும், மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயும் எடுத்து வந்தார். வயிறு உப்பிய மாட்டுக்கு அவர்கள் வீட்டில் காலம் காலமாகச் செய்வது. நிவி குறுக்கே போய் நின்றாள்.

"வேண்டாமுங்கப்பா! வாயில ஊத்தினா நுரையீரலுக்குப் போயிருமுங்க. டாக்டர்தான் மூக்கு வழியா ட்யூப் போடணும்."

"அது வரைக்கும் சும்மா நிக்கச் சொல்றியா?"

"தீனியெல்லாம் எடுத்துப்போடுங்க. டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அது பொரள்றதுக்குப் பார்த்தா மெதுவா நடக்க வைக்கணும். அவ்வளவுதானுங்க."

இவர் சொம்பைக் கீழே வைத்தார். அவர் மகளுக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை.

பல்லடம் கால்நடை டாக்டர் போனில், "எனக்கு மாடுதானுங்க பழக்கம், உடுமலையில குதிரை பாக்கறவர் ஒருத்தர் இருக்காரு" என்று நம்பர் கொடுத்தார். உடுமலைக்காரர் வந்து சேர்வதற்குள் பிஸ்தா மூன்று முறை படுக்கப் பார்த்தது. நிவி கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அவள் பக்கம் சரியும்போதெல்லாம் எனக்கு உயிர் போனது. நான் கட்டுத்தறிக் கேட்டுக்கு இந்தப் பக்கம். ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டார், மூக்கு வழியாக நீளக் குழாய் விட்டு எண்ணெய் மருந்தும் தண்ணீரும் ஏற்றினார். பின்வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இதைத் தின்னுச்சுங்களா?"

நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை.

"உள்ள துணி அடைச்சிருக்கும்போல. லத்தி வந்தாத் தப்பிச்சுரும். வயித்துல கடமுடன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கோணும். சத்தம் நின்னு போச்சுன்னா உடனே கூப்பிடுங்க. அப்ப ஆபரேஷனுக்கு வெளியூருக்குத்தான் தூக்கணும், அத்தனை தூரம் தாங்குமான்னு சொல்ல முடியாது."

இவர் தன் கையாலேயே வேஸ்டை எல்லாம் சாக்கில் அள்ளினார். கடைசிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். யூனிட்டிலிருந்து வந்த போன் எதையும் எடுக்கவில்லை.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். டாக்டர் அப்படிச் சொன்னபோது ஒரு நொடி, ஒரே நொடி, இது செத்துவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிம்மதியாக இருப்பேன் என்று தோன்றியது. அடுத்த நொடி நிவியைப் பார்த்தேன். குதிரையின் கழுத்தில் முகம் வைத்து, "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்மேலேயே பயம்.

ஆடி 14, புதன்

காற்று குறைந்திருக்கிறது. லத்தி இல்லை.

நிவிக்கு மிட்டெர்ம் பரீட்சை, கணக்கு. போகமாட்டேன் என்று அடம். இவருக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாள், போயே ஆக வேண்டும். நான் லீவு போட்டேன். "நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ போயிட்டு வா."

"நீங்க கிட்டயே போகமாட்டீங்களேம்மா."

"போறேன்."

"விலாவுக்குப் பின்னால, இடுப்பு எலும்புக்கு முன்னால ஒரு பள்ளம் இருக்குமுங்க. அதுல காதை வெச்சுக் கேக்கணும். ரெண்டு பக்கமும்."

தலையாட்டி அனுப்பினேன். கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிஸ்தா தலையைத் தொங்கப்போட்டு நின்றது. தூக்கமா, வலியா. எழுந்தேன், உட்கார்ந்தேன். செக்கிங்கிலிருந்து போன், ஒரு பாக்ஸ் முழுக்க லேபிள் மாறிவிட்டதாம். என்னவோ பதில் சொன்னேன்.

இடைவேளையில் ஸ்கூல் ஆபீஸ் நம்பரிலிருந்து நிவி.

"சத்தம் கேக்குதுங்களாம்மா?"

"கேக்குது கண்ணு."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

கேட்டைத் திறக்கவே இல்லையே நான். சத்தம் நின்றிருந்தால்? நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நின்றிருந்தால்?

உள்ளே போனேன். இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே. குதிரையிடம் என்ன பேசுவது? ஷிப்மென்ட்டைப் பற்றிப் பேசினேன். லேபிள் மாறியதை, லீவு போட்ட இரண்டு பேரை, இவர் போன் எடுக்காததை எல்லாம் சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன். ஒரு காது என் பக்கம் திரும்பியது. படியவில்லை. கழுத்தைத் தொட்டேன். சூடு. இவ்வளவு சூடாக இருக்குமென்று யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தில் காதை வைத்தேன். டம் டம் என்று என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. மூச்சைப் பிடித்தேன். அதுவேதான். புடவைத் தலைப்பால் மறு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகா என்று நின்றேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் ஆழத்தில் எங்கோ, காலித் தொட்டியில் தண்ணீர் ஏறும்போது குழாய் உறுமுமே, அது. மறுபடி. மறுபடி.

வலது பக்கம் கேட்க முன்புறமாகச் சுற்றி வந்தேன். லேசாக. ஆனால் இருந்தது. சொன்னது பொய்யில்லை என்று ஆகும்வரை அங்கேயே நின்றேன்.

பள்ளிக்கூடம் விடுவதற்குச் சற்று முன்னால் வாலைத் தூக்கியது. விழுந்தது. குச்சியால் பிரித்துப் பார்த்தேன், செக்கிங் டேபிள் புத்தி எங்கே போகும். மஞ்சள் சிங்கிள் ஜெர்சித் துண்டு, நேவி ரிப் துண்டு. இருக்கிற இடத்திலேயே குத்துக்காலிட்டு அழுதேன்.

ஸ்கூல் ஆபீசுக்குப் போன் போட்டு, எட்டாம் வகுப்பு நிவேதாவிடம் லத்தி வந்துவிட்டது என்று உடனே சொல்லச் சொன்னேன்.

"லத்தியா? ஏனுங்க மேடம், ஊட்டுக்குப் போலீஸ் வந்திருக்குதுங்களா?"

"இல்லீங்க. குதிரை போட்டிருக்குது."



ஆடி 16, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்தோம். டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். இன்னும் துணி வருகிறது, வரட்டும் என்றார். கொஞ்சமாகப் பச்சைப் புல், நிறையத் தண்ணீர். அடியில் இப்போது நெல் உமி. இவர் தினமும் யூனிட் போகும் முன் குனிந்து லத்தியைப் பார்க்கிறார். தையல் லைனில் ஹிந்திப் பையன்கள் வரைக்கும் "கோடா டீக்?", குதிரை நல்லாயிடுச்சா, என்று விசாரிக்கிறார்களாம்.

நிவிக்குக் கணக்கில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நானும்.

ஆடி 25, ஞாயிறு

வெயில். காற்றும்.

டாக்டர் நேற்று, இனி ஆள் ஏறலாம், நடை மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல சேதிதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பையில் டெட்டாலும் பஞ்சும் இருக்கிறதா என்று பார்த்தேன். பிழைக்க வேண்டும் என்று வேண்டியவள் நான்தானே.

நிவி வாரை இறுக்கினாள். நான் கேட்கும் முன்னே மறுபடி இறுக்கினாள். "அம்மா, நீங்க பிடிச்சுட்டு வாங்க" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

அருள்புரம் ரோடு பக்கம், வேலியோரமாக நடந்தோம். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"கையில சுத்தாதீங்கம்மா," மேலிருந்து நிவி. "இழுத்துட்டு ஓடுச்சுன்னா விரலே போயிருமுங்க. சும்மா மடிச்சுப் பிடிங்க."

"சுத்தாம எப்படிப் பிடிக்கறது கண்ணு? உட்டுட்டா?"

"மடிச்சுப் பிடிச்சாப் போதுமுங்க."

ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு மினி ஆட்டோ வந்தது. பிஸ்தாவின் இரண்டு காதும் அதன் பக்கம். நான் மறுபடி சுற்றவில்லை.