பதினோரு கிலோ

மழைச்சட்டையை வெயிலில் போடலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டு வருடமாகியும் மீன் வாடை போகவில்லை. அதன் பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. உன் பெயர், என் பெயர், உன் மகன் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண்கள்: வீட்டிலிருந்து எழுதி அனுப்பிய எடை, தராசில் நின்ற எடை. உன் பெயருக்கு எதிரே எழுபத்து நாலு, அறுபத்து மூன்று.

இந்த வித்தியாசத்தைத்தான் அன்று நான் கொண்டாடினேன், மாப்பிள்ளை. இதைப் பற்றி உனக்கு இதுவரை எழுதாததற்குக் காரணம், நீ பதில் போட மாட்டாய் என்பது. உயிரோடு இருந்தபோதும் நீ ஒரு கடிதத்துக்கும் பதில் போட்டவன் இல்லை. ஆகவே அது நல்ல காரணம் இல்லை.

கனடாவில் இருக்கும் உன் மகனுக்கு, அப்பாவையும் மாமாவையும் மீன் பிடிக்க அழைத்துப் போக ஆசை. சாலையே போகாத ஏரி. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் வந்து ஏற்றிக்கொள்ளும். நடுவில் போன் இல்லை, கடை இல்லை, மனிதர்கள் இல்லை. வெண்ணாற்றில் விரால் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்டேன்.

"கூப்புடுறான், போவோம் மச்சான். குறுவை நட்டாச்சு. இனிமே மேட்டூரு பாத்துக்கும்" என்றாய்.

விமானம் சின்னது என்பதால் பையை மட்டும் அல்ல, ஆளையும் சேர்த்து நிறுப்பார்களாம். என்னென்ன கொண்டுவரலாம் என்று விமானக்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை நான் சத்தமாக வாசித்தேன். இரண்டு கால்சட்டை, ஒரு மழைச்சட்டை, துணிப்பை மட்டும். உன் மனைவி, அதாவது என் தங்கை, அதைக் காதில் வாங்காமல் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள்.

"மீன் புடிக்கப் போற எடத்துக்குக் கருவாடு எதுக்கும்மா?"

"மீன் கெடைக்கலன்னா?"

"அவ உன்னய நம்பல மாப்ளே."

"முப்பது வருஷமா நம்பல" என்று சொல்லிக்கொண்டே உன் வயலில் விளைந்த பொன்னியில் ஐந்து கிலோவை நீ கட்டினாய். அங்கேயும் அரிசி கிடைக்கும் என்றேன். "அரிசி கெடைக்கும், சோறு கெடைக்காது" என்றாய்.

சுமையைக் குறைப்பதில் நான்தான் கண்டிப்பானவன். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினேன். அந்த மிச்சத்தில் தலையணை அளவுக்கு இரண்டு புத்தகங்களை வைத்தேன். நீ ஆணியைச் சுட்டு உன் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பக்கத்தில் இன்னொரு புது ஓட்டை ஏற்கெனவே இருந்தது. "அறுபது வயசுல இடுப்பு வந்திருக்கு மாப்ளைக்கு" என்றேன். தங்கை சிரித்தாள். மூன்று பேர் அந்த ஓட்டைகளைப் பார்த்தோம். மூன்று பேரும் படித்தவர்கள்.

கனடாவில், விமானம் கிளம்பும் ஏரிக்கரையில் மரப்பலகைத் துறை. அதில் மூட்டை நிறுக்கிற மாதிரி ஒரு தராசு. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்தான் விமானி. வீட்டிலிருந்து எழுதி அனுப்பிய எடைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு அரிசியையும் என் புத்தகங்களையும் வெளியே எடுத்து வைத்தாள். "நம்மூரு நெல் கொள்முதல் நெலயம் மாதிரியே இருக்கு. சாக்குதான் இல்ல" என்று முணுமுணுத்தபடி நீ தராசில் ஏறினாய்.

உன் மகன் குனிந்து முள்ளைப் பார்த்தான். "அப்பா, எழுபத்து நாலுன்னுதானே சொன்னீங்க?"

"அது போன வருஷம் நிறுத்தது."

"பதினோரு கிலோ மிச்சம்" என்று நான் அறிவித்தேன். "அரிசி ஏறட்டும். புத்தகமும் ஏறட்டும்."

"காயப்போட்ட நெல்லு மச்சான். ஈரம் போயிருச்சு. இனிமே ஒரு பய திருப்பி அனுப்ப முடியாது."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். ஈரம் இருக்கிறது என்று நம் நெல்லை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரோட்டில் பரப்பி, கால் சுடக் கிளறி, எடை இறங்கியதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள் நாம். எடை குறைந்தால் சரக்கு தேறிவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமும் உண்டு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்கு அந்தத் துறையில் சுமார் ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் புத்தகங்களை மறுபடி பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் மகன் மட்டும் தாமதமாக, பாதியாகச் சிரித்தான்.

ஏரியில் மீனுக்குக் குறைவில்லை. விரால் சாயலில் நீண்டு, வாய் நிறையப் பல்லோடு ஒன்று மாட்டியபோது, "இதப் பாத்தா கவுன்சிலர் ஞாபகம் வருது" என்றாய். மூன்று வேளையும் பொன்னிச் சோறு, மீன் குழம்பு. நீ நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாய். "ஒனக்குப் புடிக்கும், நீ சாப்புடு." நான் சாப்பிட்டேன். ஐந்து நாளும் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் படகில் இருந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாய்: "ஊருக்குப் போனதும் வயித்த ஒருதரம் காட்டணும் மச்சான்."

"காட்டலாம். மொதல்ல தூண்டிலப் பாரு, இழுக்குது."

உண்மையாகவே இழுத்தது. பெரிய மீன். அதைத் தூக்கிப் பிடித்தபடி நீ நிற்கும் படம்தான் இப்போது உன் வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருக்கிறது.

அன்றே எனக்குப் புரிந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று பல தடவை வாதாடிப் பார்த்துவிட்டேன். விமானம் வர இன்னும் மூன்று நாள். போன் இல்லை. சுற்றிலும் மரமும் தண்ணீரும். இது நல்ல வாதம்தான். ஆனால் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு குறுவை அறுத்து, தாளடி நட்டு, தீபாவளியும் முடிந்த பின்தான் நீ தஞ்சாவூரில் ஒரு டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாய். அந்த மூன்று மாதத்துக்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

"எப்பலேருந்து எடை குறையுது?" என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். தங்கை உன்னைப் பார்த்தாள். நான் கிலோவோடு சொன்னேன். அவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்பதுபோல அவர் நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்து, அப்போதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க" என்றார். தப்பு உங்களுடையது என்றோ, இல்லை என்றோ சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்றோடு நான் குடித்தனம் நடத்தியிருப்பேன்.

மாசி முடிவதற்குள் நீ போய்விட்டாய். தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். தோளில் பாரமே தெரியவில்லை. அதை மட்டும் தங்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கப் போகிறேன். அவளும் இளைத்திருக்கிறாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்திருக்கிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை, மனசுதான் என்றார்கள். நம்பத்தான் வேண்டும். எனக்கு அது வரவில்லை.

அதனால் அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துவிடுகிறேன்.

"இப்புடி வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்புடிண்ணே எறங்கும்? நீயும் தட்ட எடுத்துக்க."

"நீ முடி. அப்பறம் நான் சாப்புடுறேன்."

போன ஞாயிறு நாலு வாய்க்கு மேல் அவளால் முடியவில்லை. சின்ன வயதுப் பழக்கத்தில் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அதை மறுபடியும் அவள் பக்கமே நகர்த்தினேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.