ஜன்னல் அறைக்கு ஒரு வான்சண்டை

மார்ச் 3

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த நாத்தனார் இன்னும் போகவில்லை. முதுகுவலி என்று சொல்லி என் ஜன்னல் அறையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூடத்தில், ஃபிரிட்ஜ் உறுமலுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அந்த முதுகை வைத்துக்கொண்டுதான் கீழே பேத்தியின் கேம் கடையில், விமானச் சண்டை மெஷின் முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு மட்டும் வலிக்காது போல.

மார்ச் 4

கடைக்குப் போய்ப் பார்த்தேன். திரையில் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. "அண்ணி, இதுக்குக் கை வேகம் வேணும். உங்களுக்கு சீரியல்தான் சரி" என்றாள், அத்தனை பேர் முன்னால். கல்யாணமான மறுநாள் நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு "வெந்நீர் நல்லா இருக்கு" என்றவள். அதையே நான் மறக்கவில்லை. இதை விடுவேனா?

மார்ச் 5

நானும் உட்கார்ந்தேன். கைப்பிடியை இழுத்தால் விமானம் ஏறும், தள்ளினால் இறங்கும். நான் எல்லாம் தலைகீழாகச் செய்தேன். கடலில் விழுந்தேன். மறுபடியும் கடல்.

மார்ச் 7

ஒன்று தெரிந்துவிட்டது. எதிரிகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே வரிசையில்தான் வருகிறார்கள். மேகத்துக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தவன், பாலத்துக்கு அடியிலிருந்து இரட்டையர், பின்னாலிருந்து சிவப்பு வாலன். என்னைச் சுட்ட ஒருவனையும் நான் மறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் வரும் இடத்தில் முன்னாலேயே போய் நிற்கிறேன்.

"பாட்டி, நீங்க விளையாடல. பழி வாங்குறீங்க" என்று பேத்தி சிரிக்கிறாள்.

இரண்டும் வேறு வேறா?

மார்ச் 8

இன்று கடலில் விழவில்லை.

மார்ச் 10

சாப்பிடும்போது வாயை விட்டேன். "நாளைக்கு ஆளுக்கு ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா என் ரூம் எனக்கு."

"தோத்தா?"

"நீ இருக்கிற வரைக்கும் ரூம் பேச்சை எடுக்க மாட்டேன்."

"அப்ப கூடத்துக்கு நல்ல மெத்தையா வாங்கிப் போட்டுக்குங்க அண்ணி."

ஏன் இப்படிச் சொன்னேன்? இவ போற ஆளா? காலம் பூரா ஃபிரிட்ஜோட குடித்தனமா — என் வாய், என் வாய்.

மார்ச் 11

தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

அவள் முதலில் ஆடினாள். நன்றாகவே ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. முதல் கட்டத்தின் முடிவில் வரும் பெரிய குண்டு விமானத்தின் மேல் பாதி ஏவுகணையை வீணாக்கி விழுந்தாள். அப்படியும் தன் பழைய புள்ளிக் கணக்கைத் தாண்டிவிட்டாள்.

என் முறை. அந்தப் பெரியவன் வருவதற்குள் எனக்கு ஏவுகணை தீர்ந்துபோனது. மிச்சம் ஒரே உயிர். ஆனால் அவன் என்னை எத்தனையோ தடவை கொன்றவன். எப்படிக் கொன்றான் என்பது எனக்கு மனப்பாடம். இடது பக்கம் சுடுவான், வலது பக்கம் சுடுவான், நேர் கீழே சுடவே மாட்டான். அவனைக் கண்டால் எல்லோரும் விலகி ஓடுவார்கள். நான் அவன் வயிற்றுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"அண்ணி, இடிக்கப் போறீங்க, விலகுங்க" என்று நாத்தனார் கத்தினாள். தான் யார் கட்சி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

விலகவில்லை. துப்பாக்கிப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். அவன் வெடித்தான், அவனோடு நானும்; திரை முழுக்க நெருப்பு. அது அடங்கியதும் என் பெயர், எல்லாவற்றுக்கும் மேலே. கடையே கை தட்டியது. பேத்தி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

நாத்தனார் மாடியேறிப் போய்த் தன் தலையணையைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல காற்று.

நாத்தனார் கதவைத் தட்டினாள். அறையைத்தான் கேட்பாள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"அண்ணி, அந்தப் பெரியவன் விழுந்தப்புறம் பனிமலை ஒண்ணு வருதாமே. அதுல முதல்ல யாரு வர்றான்?"

"போய் செத்துப் பாரு, தெரியும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று நான் சொல்லவில்லை. கால் நீட்டவும் விடவில்லை.