கையை நீட்டுங்க

திங்கள். விடாத சாரல்.

நின்றுவிட்டது, சிதறால் ரோட்டு முந்திரி ஆலை இன்று நிஜமாகவே நின்றுவிட்டது, அதுவும் போனில் நாங்களே படித்த கோட்பாட்டை வைத்து.

ஆன்லைன் படிப்பு வட்டத்தில் போட்ட சண்டை ஒன்றும் வீண் இல்லை. முரண்பாடு பெரிது, சிறிது என்று இரண்டு. பெரியதைப் பிடி. அந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி எது என்று பார். இங்கே கண்ணி, கொட்டை உடைக்கும் ஷெட். உடைத்தால்தான் தோல் உரிக்க முடியும், உரித்தால்தான் தரம் பிரிக்க முடியும். அங்கே உடைக்கும் பெண்கள் ஸ்டிரைக் என்று எழுந்து வந்ததும் மொத்தமும் படுத்தது.

கோரிக்கை: கையுறை, நாள் கூலி. கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அம்மாவும் அந்த ஷெட்தான். ரேஷன் மெஷினில் அவள் ரேகை விழாது.

வட்டத்தை நடத்தும் ரெஞ்சித் (மார்த்தாண்டத்தில் மொபைல் கடை): "ஏட்டி, நீ எழுதின ஸ்ட்ராட்டஜி செம."

சாப்பிடவே தோன்றவில்லை.

வாங்க வேண்டியவை: சார்ஜர் வயர், அம்மாவுக்கு இருமல் மருந்து.

அடுத்த வாரம், வியாழன். வெயில்.

ஆலைக்குள்ளே தோல் உரிப்பு நடக்கிறதாம். ஏஜென்ட் வறுத்த கொட்டையை வீடுகளில் இறக்குகிறான். நம்மவர்களே யாரோ புறவாசலில் உடைத்துக் கொடுக்கிறார்கள்.

யோசனை என்னுடையது. எண்ணெய்க் கறை சோப்புக்குப் போகாது. வேலையை விட்டால்தான் மெல்ல வெளுக்கும். ஆக, கையே சாட்சி. ஸ்டிரைக் பந்தலில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தோம். "கையை நீட்டுங்க." டார்ச் அடித்தது நான்.

லில்லி அக்கா நீட்டவில்லை. பக்கத்து வீடு, சின்னதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவள். பிடித்து நீட்ட வைத்தோம். கரி.

"இது பழைய கறையாக்கும் மக்களே. கெட்டிக் குடுத்த வருசம் தொட்டு ஒடைக்கியேன். இனி எங்க வெளுக்க?"

"பின்ன மத்தவளுவளுக்க கை மட்டும் எப்பிடி வெளுத்துது?" இது அம்மா. நல்ல கேள்வி.

நான்: "வாய் பொய் சொல்லும் அக்கா, கை சொல்லாது." பந்தலே சிரித்தது.

தீர்மானம்: கருங்காலிக்குப் பந்தல் கஞ்சி இல்லை. ரெஞ்சித் தயங்கினான். நான் தயங்கவில்லை. இரக்கம் முரண்பாட்டை மழுக்கும். லில்லி அக்கா தன் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவின் கையை யாரும் பார்க்கவில்லை. தேவையில்லை.

வெள்ளி. மேகம்.

நேற்றுப் பந்தலில் எடுத்த கை வீடியோ பறக்கிறது. முகம் காட்டவில்லை. ஆனால் கையில் கிடந்த வளையலை ஊருக்கே தெரியும். லில்லி அக்கா வாசலில் யாரோ முந்திரி ஓடு கொட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அழகு.

சார்ஜர் வயர் மறந்தேன்.

ஞாயிறு. மாலை, புழுக்கம்.

புறவாசலில் டக், டக். அம்மா தேங்காய் உரிக்கிறாள் என்று நினைத்துப் போனேன். விறகுக்குப் பின்னால் மூட்டை. அம்மா, கட்டை, கரிக் கை.

"எப்ப தொட்டும்மா?"

"ஸ்டிரைக்கு மூணாம் நாள் தொட்டு."

"லில்லி அக்காட்ட நீதான கேட்ட?"

"நான் கேக்காம மிண்டாம இருந்தா எனக்க கையையும்லா பாத்திருப்பாவ."

"எதுக்கு இது?"

"உனக்க நெட்டு எதுல ஓடுதுன்னு நெனச்ச? வேலை நின்ன பொறவும் ரீசார்ஜ் கேட்டியா இல்லியா?" சிரித்தாள். "மலைச்சு நிக்காத. கை பொள்ளாம பூசணும், அந்தச் சாம்பலை இங்க நகத்து."

நகர்த்தினேன்.

ரெஞ்சித் போனில் கூப்பிட்டான். லில்லி அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "எனக்க கைய பாத்தாச்சு. இனி டார்ச் அடிச்சவளுக்க அம்மைக்க கைய பாருங்க."

"நாளைக்குச் சோதனையை உங்க அம்மாட்டேருந்தே தொடங்குவமா?" அவன் குரலில் ஒரு சந்தோஷம்.

போனில் என் படிப்பு வட்டக் குறிப்புகளில் 'அம்மா' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. "தொடங்கலாம்" என்றேன்.

ஆலைப் பெண்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு போட்டேன். அடுக்களை மேடையில் அம்மாவின் போன் கத்தியது.

"கையில எண்ணெயாக்கும். என்னன்னு வாசிச்சுச் சொல்லு மக்கா."

வாசித்தேன்: நாளை காலை ஆலை கேட் முன் கைச் சோதனை. ஒருவர் விடாமல் வரவும். கையுறை கூடாது. சுத்தமான கைகள் முன்வரிசையில். தெரிந்த தோழர்கள் எல்லோருக்கும் பகிரவும்.