ஒரே கையெழுத்து

மார்ச் 3
அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அச்சகத்துக்குச் சீல் வைத்தாயிற்று. அனுமதி வாங்காமல் நோட்டீஸ் அடித்தாராம். அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை ஜனவரியில் எழுதியவர் எங்கள் அதிகாரி. ஆறு மாதச் சிறை என்று இன்று உத்தரவு போட்டவரும் அவரே. இரண்டையும் டைப் அடித்தது நான். அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 5
அக்கா அப்பீல் மனுவோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள்.
"யார்கிட்டடி குடுக்கணும்?"
"அவர்கிட்டதான்."
"உள்ள போட்டவர்கிட்டயேவா?"
தலையாட்டினேன். அப்பீல் நாட்களில் ஐயா ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்கு மாறி உட்காருவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 9
விசாரணை பன்னிரண்டாம் தேதி. தீர்ப்பை இன்றே அடித்து வைக்கச் சொன்னார். எப்போதும் அப்படித்தான், தேதியை மட்டும் பிறகு சேர்ப்போம். "உத்தரவைக் கவனமாகப் பரிசீலித்தேன். பிழை ஏதுமில்லை. அப்பீல் தள்ளுபடி." தான் எழுதியதில் தானே எப்படிப் பிழை காண்பார்?
தேதியிடத்தில் ஒன்பது என்று அடித்துவிட்டேன். கை தவறியா, மனசறிந்தா — எனக்கே தெரியவில்லை. அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 12
நாலே நிமிஷம். அத்தான் வாயைத் திறப்பதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. பாவி, நானும் இதுக்கு உடந்தைதானே! இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு இப்படி அடிச்சுக் குடுத்திருக்கேன்?
தீர்ப்பின் நகலை அக்காவிடம் கொடுத்தபோது தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

மார்ச் 20
பயமாக இருக்கிறது.

ஜூன் 2
அக்கா கொண்டுபோன நகலைப் பார்த்து, விசாரிக்கும் முன்பே தீர்ப்பா என்று மேல்கோர்ட்டில் கொதித்துவிட்டார்களாம். உத்தரவு போடுகிறவர் இனி அப்பீலை விசாரிக்கக் கூடாது. அதற்குத் தனி நீதிபதி. விதி எழுதத் தனிக் குழு. அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். இருமுகிறார். யாரோடும் பேசுவதில்லை.

ஜூன் 10
ஜன்னலோர நாற்காலியை அடுத்த தெருவுக்கு, புது நீதிபதியின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது: தேதியில் கவனக்குறைவு. குற்றம் சாட்டுபவர் ஐயா. விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஐயாவே.
"வேற யாராவது விசாரிக்கக் கூடாதாங்கய்யா?"
"அதெல்லாம் கோர்ட்டுக்கும்மா. இது ஆபீஸ்."

ஜூன் 16
நாளை பதினொரு மணிக்கு என் விசாரணை. டைப் அடிக்க வேறு ஆள் இல்லை. என் வேலைநீக்க உத்தரவை இன்று நானே அடித்தேன். ஒரு பிழை கிடையாது.
"தேதிய மட்டும் விட்டுடும்மா," என்றார் ஐயா. "நான் போட்டுக்கறேன்."