str வரிசை

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, மழையைத்தான் காணோம். தோய்த்தது: படுக்கை விரிப்பு இரண்டு, மாமியின் நைற்றி மூன்று. வாங்க வேண்டியது: உப்பு, சவர்க்காரம், பம்பஸ்.

பேச்சுப் பயிற்சி மிஸ் வந்து போனார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து மாமிக்கு வலது கை தூக்க ஏலாது, நடையும் சுவரைப் பிடித்து நாலு அடிதான், பேச்சும் இல்லை. ஆயுள் முழுக்க ஆங்கிலம் படிப்பித்தவர் என்பதால் மிஸ் ஆங்கிலத் தாள்களையே கொடுக்கிறார். ஒரு தாளுக்கு ஒரு எழுத்துக் கூட்டம். அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல்லைச் சொல்ல வேண்டும், பிறகு தமிழில் பொருள். தாளைப் பிடிப்பது என் வேலை.

இன்று cu. cup, cut, curd. ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"இது என்ன மாமி? சொன்னாத்தான் குடிக்கலாம்."

"ப... ப..."

ஆடை படியும் வரை பிடித்திருந்தேன். பிறகு சிங்க்கில் ஊற்றினேன். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஒக்டோபர் 8, புதன்

மழை ஒருவழியாக. பல்கனிக் கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஜெனியின் கோல். என் கணவர் அன்ரனின் அக்கா, இந்தக் குடும்பத்தின் நீதவான். சனிக்கிழமை வந்து இறங்குகிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம், மாமியும் பக்கத்தில்.

"அம்மாக்குக் கதை திரும்புதெண்டா உங்களோடயே இருக்கட்டும். ஒரு சொல்லும் வராட்டி சிஸ்டர்மாரிட்ட விடுவம். கொட்டாஞ்சேனையில, அவையின்ர முதியோர் இல்லத்தில ஒரு கட்டில் காலியா இருக்காம். ஞாயிறு பின்னேரம் முடிவு சொல்லவேணும்."

அன்ரன் "ஓம் அக்கா, ஓம் அக்கா." துறைமுகத்தில் கண்டெய்னர்களை அதட்டுகிற மனிசன்.

மாமியின் கண் ஒருமுறை பளிச்சென்றது. பயம்தான். பயப்படட்டும்.

cup வராத வாய். ஞாயிறு வரை வராமல் இருந்தால் போதும். மாமியின் அறை எனக்கு வந்தால் ஜன்னல் திரை என்ன நிறம் என்று கூட யோசித்துவிட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

லிஃப்டில் மூன்றாம் மாடி பரீதா, தன் மருமகளிடம்: "பாருங்க இவங்கள. மாமிய எப்பிடிப் பாக்குறாங்க. மருமகள்னா இப்பிடி ஈக்கணும்." தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் போல.

கோழிக்கறி. உறைப்புக் கூடிவிட்டது. அன்ரன் இரண்டு தரம் தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிக்கு முன்னால் பிடிக்க எந்தத் தாள்? மிஸ்ஸின் கோப்பில் கடைசியாகக் கிடக்கிறது str. "இது கஷ்டம், இப்ப வேணாம்" என்று தள்ளி வைத்தவர் அவரேதான். எனக்குத் தெரியாதா அதன் கஷ்டம். கல்யாணம் முடித்து வவுனியாவிலிருந்து வந்த புதிது. மேசை நிறையக் கொட்டாஞ்சேனை உறவுகள். "எங்க பிள்ளை, strong சொல்லு பாப்பம்" என்றார் மாமி. "இஸ்ட்ரோங்" என்றேன். மேசையே சிரித்தது. அன்ரனும். அதன் பிறகு விருந்தாளி வந்த நாளெல்லாம் அதே பாடம். சொல், பொருள், வாக்கியம், அப்புறம்தான் சோறு. அந்த மூன்று எழுத்தும் இன்றுவரை என் வாயில் சேர்ந்து வருவதில்லை.

அவர் வாயில் மட்டும் வந்துவிடுமா? தாளை உருவி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பூசை முடிந்து வந்து, ஜெனி கொண்டுவந்த கேக்கை வெட்டி, எல்லோரும் ஹோலில். மாமியைக் கதிரையில் நிமிர்த்தி வைத்தேன். str தாளை முன்னால் பிடித்தேன்.

"மாமி, இதில தொடங்கிற சொல் ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ." என் குரலில் அவ்வளவு பாசம். நானே நம்பியிருப்பேன்.

உதடு அசைந்தது, சத்தம் இல்லை. ஜெனி மூக்கை உறிஞ்சத் தொடங்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"Straight."

வகுப்பறைக் குரல். கணீரென்று.

"நேரான. Strange. விசித்திரமான. Stranger. அந்நியர். Strap. தோல்வார். Straw. வைக்கோல். Stray..."

நிற்கவே இல்லை. ஆண்டாண்டாகப் பெண் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ஒப்பிக்க வைத்த வரிசை அது. அவரைக் கேட்காமலே ஓடுகிறது. கோப்பைக்குப் பெயர் தெரியாது, தண்ணீருக்குத் தெரியாது, இது மட்டும் செபம் போல வருகிறது. எனக்குக் கஷ்டமானது அவருக்கும் கஷ்டம் என்று நினைத்த மண்டையை எங்கே கொண்டுபோய் மோத?

மாமி இடது கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கால் வந்தன. "Strength. பலம். Strict. கண்டிப்பான." கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"அம்மா சந்தோசத்தில அழுறா!" ஜெனி என்னைக் கட்டிப்பிடித்தார். "எல்லாம் உங்கட கை மச்சாள். இனி அம்மா கடைசி மட்டும் உங்களோடதான்."

அங்கேயே நின்று சிஸ்டருக்குப் போன் எடுத்தார். கட்டில் வேண்டாமாம். அன்ரன் இன்னொரு துண்டு கேக் எடுத்தார்.

அது சந்தோஷ அழுகை இல்லை. வாயை அவ்வளவு இறுக்கிப் பொத்தியிருந்தார், கன்னத்தில் நகம் பதிந்திருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடாத மழை. ஜெனி பிளேன் ஏறியாயிற்று. அன்ரன் வேலைக்கு. காஸ் தீரப்போகிறது.

மாமியின் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது தும்புத்தடியில் ஏதோ தட்டுப்பட்டது. பயணப் பை. நைற்றி இரண்டு, கோணல்மாணலாக மடித்தபடி. செபமாலை. மூக்குக் கண்ணாடி. பல் தீட்டும் பிரஷ். நான் அடுக்கவில்லை, அன்ரனுக்கு இதெல்லாம் தோன்றாது. ஒற்றைக் கையால் எத்தனை நாளாக அடுக்கினாரோ.

"போக விருப்பமா இருந்தனீங்களோ மாமி? கொட்டாஞ்சேனைக்கு?"

வாய் திறந்தது. "Str... street..." இல்லை என்று அவரே கையை ஆட்டினார். "Strap... stra..." பிறகு சொல்லை விட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், மேலும் கீழுமாக, நிறுத்தாமல். ஓம். ஓம். ஓம்.

இவருக்கும் அதேதான் வேண்டியிருந்திருக்கிறது. என்னிடமிருந்து போக.

கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கும். அன்ரனுக்கு ஒரு கோல், சிஸ்டருக்கு ஒரு கோல். பின்னேரமே வான் வரும். எனக்கு அறை, அவருக்குச் சிஸ்டர்மாரின் கோயில் மணி. போனைக் கையில் எடுத்தேன். மாமி என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது இதுதான் முதல் தரம். முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

அவருக்கும் அதுதான் விருப்பம் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த அறை வேண்டாம் போலிருந்தது.

போனை வைத்தேன். நைற்றிகளைத் திரும்ப ஒழுங்காக மடித்து அலுமாரியில் அடுக்கினேன். வெறும் பையை அலுமாரிக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், சுவரோடு தள்ளி வைத்தேன்.