அப்பாவின் நிக்கல் பங்கும் தலைமை ஆய்வாளராகிய நானும்

ஜூன் 14, சனி. காலையிலேயே கொளுத்துகிறது.

மயிலாப்பூர் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எனது மீசையில் இன்று புதிதாக ஒரு முடி உதயமாகியுள்ளது. நேரில் பார்வையிடலாம். அனுமதி இலவசம்.

அடுத்து, வணிகச் செய்தி. அப்பா கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கும் நிக்கல் கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. ஏதோ காட்டில் துளை போட்டதில் நாற்பது மீட்டருக்கு சல்பைடு பாறையாம், நிக்கல் அதில்தான் இருக்குமாம். படத்தில் தகதகவென்று மின்னுகிறது. செல்போன் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், பேட்டரிக்குப் போகும் உலோகம் என்றால் தனிப் பாசம். அறிக்கை இங்கிலீஷ். ஆகவே ஆய்வாளர் பதவி எனக்கு.

"இன்னா நைனா சொல்றானுங்க?" என்றார் அப்பா.

"நிக்கல் இனிமே நிக்காதுப்பா. ஓடும்."

சிரித்தார். அப்புறம் சிரிக்காமல், தி. நகரில் வாடகைக்குக் கடை பிடிக்கச் சேர்த்த அட்வான்ஸ் முழுவதையும் திங்கட்கிழமை இதிலேயே போடப் போவதாகச் சொன்னார். இத்தனை வருஷமும் ஒரு மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துதான் ரிப்பேர் பார்க்கிறார். அம்மா அடுப்பை மறந்து அவரையே பார்த்தாள். தோசை கருகியது.

ஜூன் 15, ஞாயிறு. புழுக்கம். கரண்ட் இல்லை.

மேல் வீட்டு ஜெனிஃபர் அக்கா நிலவியல் எம்.எஸ்ஸி. விவரம் தெரிந்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்பதுதான் நல்ல ஆய்வாளருக்கு அழகு. மாடி ஏறினேன்.

"இதுல நிக்கல் எத்தினி பர்சன்ட்டுடா?"

"நாப்பது மீட்டர்க்கா."

"அது நீளம். நிக்கல் எவ்ளோ?"

தேடினேன். எங்கும் இல்லை.

"கண்ணால பாத்து எழுதிக்கிறாங்க. மின்னுறது பூரா இரும்பு சல்பைடா கூட இருக்கும். லேப் ரிசல்ட் வரட்டும். இன்னா அவசரம்?"

ராத்திரி அப்பா, ரிசல்ட் வரும்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆய்வாளர் வாழ்க.

ஜூன் 27, வெள்ளி. சாயங்காலம் தூறல்.

ரிசல்ட் வந்தது. நிக்கல் பேருக்கு. மற்றதெல்லாம் இரும்பு. பங்கு விலை பாதாளத்தில். முன்னே வாங்கியது போச்சு, அட்வான்ஸ் பிழைத்தது. இன்று அதைக் கட்டிட ஓனரிடம் கொடுத்தாயிற்று. சின்னக் கடைதான், ஆனால் அப்பா நிமிர்ந்து நிற்கலாம். அம்மா ஷட்டரை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தாள். ஜெனிஃபர் அக்காவை எங்கள் தலைக்கு மேல் குடிவைத்த கடவுளுக்கு நன்றி. பிரியாணி மேலே போயிருக்கிறது.

சரி, டைரியிடமும் புருடா விட்டால் எப்படி. அன்றைக்கு மேலே போனது விசாரிக்க இல்லை. அக்கா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசையும் இதில் போட வைக்கத்தான். அப்பாவிடம் சொன்னதும் நான் இல்லை. அக்காவே இறங்கி வந்து சொன்னாள். நான் தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.