இரும்பில்லாத வளையம்

மாமா,

இன்று காலை ஆய்வுகூடத்தின் பின்புறம் புதிய வளையத்தை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினேன். பச்சைச் சீமெந்தின் மணம் முகத்தில் அடித்தது. கண்டாவளை வீட்டு முற்றத்தில் வார்த்த கிணற்று வளையங்களுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சாப்பிட வருவீர்களே, அப்போது உங்கள் இடுப்புச் சாரத்தில் இருக்கும் மணம்.

நான் கலியாணம் செய்து வந்த புதிதில், மருமகளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் "சூரியன் செய்யிறா" என்று சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள். ஒருநாள் உங்களை இருத்தி வைத்து விளக்கினேன். சூரியனுக்குள் இருப்பது போன்ற சூட்டை உலையில் உண்டாக்கினால் அதைத் தாங்கப் பாத்திரம் கிடையாது. காந்தப் புலம்தான் அதைச் சுவரில் படாமல் பிடித்து வைக்க வேண்டும். அதற்கான சுருள்களைத் தாங்கும் சட்டங்களை வெளிநாடுகளில் விலை கூடிய உலோகத்தில் கடைகிறார்கள். நான் அச்சில் சீமெந்து ஊற்றி, அதன் பள்ளத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். சீமெந்து என்றதும் உங்கள் முகம் மலர்ந்தது. நானே வார்த்துத் தருகிறேன் என்று எழும்பிவிட்டீர்கள்.

இரும்பு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினீர்கள்.

வளையம் அழகாக வந்தது. புலம்தான் வரவில்லை. அளந்த இடமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்தது. செப்பைச் சுற்றியதில்தான் பிழை என்று நினைத்து, கழற்றிக் கழற்றிச் சுற்றினேன். சரிவராவிட்டால் இந்த வேலையை நிறுத்தச் சொல்லப்போவதாகப் பல்கலைக்கழகத் துறையில் ஏற்கெனவே பேச்சு. கடைசியில் மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டுத் திசைகாட்டியைக் கிட்ட வைத்தேன். ஊசி அப்போதும் வளையத்தின் பக்கமே திரும்பியது. உள்ளே இரும்பு இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டபோது நீங்கள் மறைக்கவில்லை. மலிவு, மலிவு என்று நான் வாய் ஓயாமல் சொன்னதால், இரும்பு வேண்டாம் என்றதையும் சிக்கனம் என்றே எடுத்திருக்கிறீர்கள். என்னிடம் காசில்லை என்று இரங்கி, உங்கள் காசில் இரும்புக் கம்பி வாங்கி உள்ளே கட்டியிருக்கிறீர்கள். முன்னொரு காலம் கம்பியில்லாத வளையம் பிளந்து, கிணற்றுக்குள் நின்ற உங்கள் தம்பியின் காலை முறித்த கதையை அன்றுதான் சொன்னீர்கள்.

"கம்பி போடாத வளையத்துக்குப் பக்கத்தில உன்னை நான் எப்பிடிப் பிள்ளை விடுறது?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இரும்பு காந்தப் புலத்தை வளைத்துவிடும் என்று மறுபடி விளக்கினேன். அரை மனதோடு இன்னொன்று வார்த்தீர்கள், இரும்பே இல்லாமல்.

அதற்கு மின்சாரம் கொடுத்த நாளில், அழைக்காமலே வந்து நின்றீர்கள். தோய்த்து மடித்த சேட்டு வேறு போட்டிருந்தீர்கள். இந்த அளவு மின்சாரத்துக்கு வளையத்தில் கீறல்கூட விழாது என்று கணக்கைச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றபடி வளையத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டீர்கள்.

"நீ எனக்குப் பின்னால நில், பிள்ளை."

உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் அளவுகளை எழுதினேன். புலம் நினைத்தபடி வந்தது. வேலையும் நிற்காமல் தப்பியது. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உடையவில்லைத்தானே என்று மட்டும் கேட்டீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மாரிகாலம் கழிந்துவிட்டது. உங்களிடம் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. மாமாவுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

முன்னையதைவிடப் பெரிய வளையம் ஒன்றுக்குப் போன கிழமை மின்சாரம் கொடுத்தோம். மாணவிகள் ஆவலில் நெருங்கி வந்தார்கள். ஆபத்து இல்லையென்று கணக்குப் போட்டவளே நான். ஆனாலும் என் கால்கள் தாமாக நடந்து வளையத்துக்கு முன்னால் போய் நின்றன.

"எனக்குப் பின்னால நில்லுங்கோ, பிள்ளையள்" என்றேன்.